அம்மாவுக்கு வேர்க்கவில்லை

வேலூர்,
மே 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடலாம்தான், உனக்கு அது பிடிக்காது. கரண்ட் போய்விட்டது, வேறு வேலையும் இல்லை. விசிறி ஒரு கையில், பேனா ஒரு கையில்.

கத்திரி பிறந்து ஐந்து நாள். காலை எட்டரைக்கே வாசற்படியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. இந்த ஊரைப் பற்றிய பழைய கிண்டல் உனக்குத் தெரியும்: மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி மட்டும் 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மற்றதெல்லாம் அப்படியே. பாறை மலைகள் பகலெல்லாம் காய்ந்துவிட்டு ராத்திரியில் சூட்டைக் கக்குகின்றன.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 90 முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள். ஆனால் போன வருஷம் இதே நாட்களில் நடந்ததை உன்னிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. ஏனென்று உனக்கே புரியும்.

2003 செப்டம்பரில் நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாரிஸில் 39 டிகிரியைத் தாண்டிவிட்டது, ராத்திரியிலும் 25-க்குக் கீழே இறங்கவில்லை, உன் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த கிழவியை நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தாய். நான் என்ன பதில் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "39 எங்களுக்குப் பங்குனி மாசத்து வெயில், உங்க ஊர்க்காரங்க ரொம்ப மெல்லிசு" என்று. அந்த ஆகஸ்டில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் செத்தார்கள் என்பதும், பெரும்பாலும் வயசானவர்கள் என்பதும், பாரிஸில் கேட்பாரில்லாத 57 உடல்களைத் தியே கல்லறையில் நகர நிர்வாகமே அடக்கம் செய்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் அது வேற ஊர்க்கதை என்றே நினைத்தேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மாடியில் தனி அறை கட்டிக் கொடுத்திருந்தேன் அல்லவா, பெருமையாக? மேலே வெறும் கான்கிரீட் தளம். சாயங்காலம் நாலு மணி வரை வாங்கிய வெயிலை அது ராத்திரி பதினொரு மணிக்கு அறைக்குள் இறக்கும். பகலில் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து ஃபேனை ஐந்தில் போட்டுக்கொள்வாள். "காத்து வருதுடா" என்பாள். வந்தது அனல்.

கத்திரி பிறந்த மூன்றாம் நாள் காலை காபி கொண்டுபோன என்னிடம், "அப்பா வந்துட்டாரா? பள்ளிக்கூடம் விட்டுட்டாங்களா?" என்றாள். அப்பா போய் 22 வருஷம். வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டோம். மாப்ளே, எங்கள் தப்பு அங்கேதான். முந்தின நாள் ராத்திரி வரை ரேஷன் கணக்கைச் சரியாகச் சொன்னவள் ஒரே ராத்திரியில் எப்படித் தடுமாறுவாள்? அது எனக்கு உறைக்கவில்லை. மத்தியானம் கையைத் தொட்டால் தோசைக்கல். உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

108-க்குப் போன் பண்ணிவிட்டு, பதற்றத்தில் நான் காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றப் போனேன். மனைவிதான் கையைத் தட்டிவிட்டாள். நல்லவேளை. அந்தச் சூட்டுக்கு அந்த மாத்திரை கேட்காது, நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன் ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்தான். துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம், புடவையோடு சேர்த்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறினோம். வண்டி வருவதற்குள் செய்த அதுதான் பெரிய உதவி என்றார்கள். ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டர் 104-ஐத் தாண்டியிருந்தது. ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

டாக்டரம்மா ஒரு சின்னப் பெண். நம் பேத்தி வயசு. உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். வயசாக ஆகத் தாகமே சரியாக எடுக்காதாம். உடம்பு வற்றினாலும் வாய் கேட்காது. வேர்வையும் குறைந்துவிடும். அம்மா பிரஷருக்காகப் போடும் நீர் மாத்திரை இருக்கிற தண்ணீரையும் வெளியே தள்ளும். மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது, ஆனால் சித்திரை பிறக்கும்போதே டாக்டரிடம் காட்டி அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. அம்மா வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்திருக்கிறாள். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்துவிடுவோமோ என்று பயம். "உங்களை எழுப்பணுமேன்னுதான்" என்றாள். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது அவள் கீழே, ஹாலில் வடக்குப் பக்கச் சுவர் ஓரமாக. கட்டிலிலிருந்து நாலு எட்டில் பாத்ரூம், ராத்திரி முழுக்கச் சின்ன விளக்கு எரியும். தண்ணீர்ப் பிரச்சினையில் பாதி அந்த விளக்கோடு தீர்ந்தது! காலை ஒன்பது மணிக்கு ஜன்னலை எல்லாம் சாத்தித் திரை போட்டுவிடுவோம், பொழுது சாய்ந்ததும் திறப்போம். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "செத்த வீடு மாதிரி பகல்ல அடைச்சு வைக்கிறீங்க" என்று தினமும் ஒரு பாட்டு. மொட்டை மாடிக்கு இரண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். தளத்தைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ஃபேனை நம்பிவிடாதே. அறைக்குள்ளேயே 40-ஐத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் உடம்பில் அடிக்கும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக் கையையும் காலையும் நனைத்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் தாங்கும். அம்மா கால்களைப் பக்கெட் தண்ணீரில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறாள், ராணி மாதிரி.

"தண்ணி குடிம்மா" என்றால் குடிக்கமாட்டாள். அதனால் கேட்பதை விட்டுவிட்டோம். மணிக்கு ஒருதரம் யாராவது அவள் எதிரில் உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளர் குடிப்பது என்று வைத்துக்கொண்டோம். நீர்மோர், நீராகாரம், கஞ்சி, எலுமிச்சை, நுங்கு என்று மாறி மாறி. உப்பு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். இளநீர் எல்லோருக்கும் ஆகும் என்று நினைத்திருந்தேன். எதிர் வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீரகக் கோளாறு, பொட்டாசியம் ஏறிவிடும் என்று அவருக்கு அதைத் தடுத்துவிட்டார்கள். இதய நோய்க்காரர்களுக்குத் தண்ணீருக்கே அளவு உண்டாம். ஊர் வைத்தியத்தை ஒரே கரண்டியால் எல்லோருக்கும் பரிமாற முடியாது போல.

எங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயசானவர்கள் மட்டும் ஆறு பேர். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. 2024-ல் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று இருக்கிறது. நல்லதுதான். ஆனால் சாகாமல் இருக்க யார் கதவைத் தட்டுவது? நீ சொன்ன ஒரு விஷயம்தான் அப்போது ஞாபகம் வந்தது. 2003-க்குப் பிறகு உங்கள் நாட்டு மேயர் ஒவ்வொருவரும் தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, வெயில் எச்சரிக்கை விட்டால் அதைப் பார்த்துப் போன் பண்ணுவார்கள் என்று எழுதியிருந்தாயே. 2019-ல் பாரிஸில் 42.6 வரை போயும் அந்தக் கோடையில் நாடு முழுக்க இறந்தவர்கள் சுமார் 1,500 பேர்தான். அதுவும் குறைவில்லை, ஆனாலும் 15,000 எங்கே, இது எங்கே.

எங்கள் பதிவேடு தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம். ஆறு பேர். காலை பதினொன்றுக்கு ஒரு சுற்று, நாலரைக்கு ஒரு சுற்று, நானும் ஓய்வு பெற்ற போஸ்ட்மேன் ஒருவரும். "சாப்டீங்களா" என்று கேட்பதில்லை, எல்லோரும் ஆச்சு என்றுதான் சொல்வார்கள். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்போம். பதில் தடுமாறினால் கையைத் தொட்டுப் பார்ப்போம். ஒரு பாட்டி முதல் வாரம் எங்களைக் கடன்காரர்கள் என்று நினைத்துக் கதவைத் திறக்கவில்லை. இப்போது பதினொன்று ஆனால் மோரோடு வாசலில் நிற்கிறார்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் நாலு பக்கம் எழுதியிருந்தாய், லா ஷாப்பெல் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் விலை முதல் முழங்கால் வலி வரை. தங்கச்சி போனபிறகு அந்த ஆறாவது மாடி வீட்டிலேயே இருக்கிறாய், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே. லிஃப்ட் இல்லை. பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள் என்றும் ஓரத்தில் ஒரு வரி. உனக்கும் 71, எனக்கும் 71. அன்றைக்கு நீ எழுதிய அந்தக் கிழவிக்கு என்ன வயசு இருந்திருக்கும்?

அந்தப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறதா? கொடுத்திருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். "அதெல்லாம் வயசானவங்களுக்கு" என்பாய். ஜூன் பிறப்பதற்குள் உங்கள் மேயர் ஆபீசுக்குப் போய்ப் பெயரைக் கொடு. கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு போட்டோ அனுப்பு, வாட்ஸ்அப்பிலேயே அனுப்பு, இந்த ஒரு தடவை பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் தினமும் உங்கள் பதினொரு மணிக்கு நான் கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் உன் கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன், அவர் நம்பரையும் அனுப்பு. உன் காலண்டர் தாள் என்னிடம்தான் இருக்கிறது, ஏழாவது பெயர்.

கரண்ட் வந்துவிட்டது. அம்மா இதை எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் இன்னும் குல்லா போடாமத்தான் வெயில்ல திரியறானா, கேளு" என்கிறாள்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்