வயர்லெஸ் செட்டுக்கு மாலை போட்டாகிவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் காலத்துக்கான செல்போன் செயலிகள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, "வாக்கி டாக்கிகளுக்கு இனி அருங்காட்சியகத்தில்தான் இடம்" என்ற வரி வரும்வரை. ஓர் அரசுத் துறையில் 31 வருஷம் வயர்லெஸ் செட் பழுது பார்த்தவன் நான். என்னையும் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிடலாம். கட்டுரையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கட்டும்.

2015 டிசம்பர் 1 இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவர்களும் போயின. தெருவில் படகு போகும்போது டவருக்கு டீசல் யார் கொண்டுபோவார்கள்? முடிச்சூரில் எங்கள் மொட்டை மாடியில் அப்போது வேலை செய்தது, உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் என் ஹாம் வயர்லெஸ் செட் மட்டும்தான். அதுவும் எதிர்வீட்டுக்காரர் காரில் தண்ணீர் ஏறுமுன் கழற்றிக்கொண்டு வந்த 12 வோல்ட் பேட்டரியில். பின்தெருப் பெரியவருக்கு இன்சுலின் வேண்டும். மருந்தின் பெயரைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக மூன்று தடவை சொன்னேன். குரோம்பேட்டையில் ஒரு ஹாம் நண்பர் கேட்டெழுதி அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் மத்தியானம் மருந்து வந்தது. எந்தச் செயலி கொண்டுவந்தது என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, அது ஒரு தடவை என்பீர்கள். அடுத்த வருஷமே வர்தா, 2023இல் மிக்ஜாம், இரண்டிலும் செல்போன்கள் ஊமையாகத்தானே கிடந்தன? 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகோடு பேசியதும், பாரதி பிரசாத் என்ற பெண்மணி தன் ஹாம் ஆர்வத்துக்காகக் கொண்டுபோயிருந்த செட்தான். செல்போனில் அலறுகிற அந்த எச்சரிக்கைச் செய்தி கூட டவர் உயிரோடு இருந்தால்தான் வரும்.

அதற்காக வயர்லெஸ் வாங்கி வைத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. வாங்குவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. நான் வேலையில் இருந்தபோது புது ரிப்பீட்டர் வந்தது, அதாவது வயர்லெஸ் பேச்சை வாங்கிப் பெருக்கித் தூரத்துக்கு அனுப்புகிற கருவி. தேங்காய் உடைத்து, காற்றுப் போகிற சல்லடையை அடைத்துச் சந்தனம் அப்பி, போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அதன் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கேட்டேன். மூன்று கொட்டேஷன் கொண்டுவா என்றார்கள். இரண்டு கேன் தண்ணீருக்கு! கடைசியில் என் கைக்காசில் வாங்கி ஊற்றினேன், அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுத வைத்தார்கள். மின்னலை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியில் இருந்த செம்புத் தகடு திருடு போனதை எத்தனை முறை எழுதிக் கொடுத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. இடி விழுந்து செட் கருகிய பிறகு, "ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை" என்று எனக்கு மெமோ வந்தது.

பணக்கார ஊரிலும் பராமரிப்பு இதே லட்சணம்தான். 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் நடந்த குண்டுவெடிப்பில் தீயணைப்பு வீரர்களின் ரேடியோ சரியாக எட்டவில்லை என்று அங்கே ரிப்பீட்டர் வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அதன் இரண்டு பொத்தான்களில் ஒன்று அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுரத்தில் இருந்த அதிகாரிகள் பேசிப் பார்த்துவிட்டு, பழுது என்று ஒதுக்கிவிட்டார்கள். அன்று செத்துப்போன தீயணைப்பு வீரர்கள் 343 பேர். வெளியேறச் சொன்ன உத்தரவு அவர்களில் பலருக்குக் கேட்கவே இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபரில் ஒருநாள், கண்ட்ரோல் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆறு மணி நேரம் வயர்லெஸ்ஸில் மட்டும் பேசிப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். உங்கள் நிருபர் ஒருவரும் கூட நிற்கட்டும். எத்தனை செட் பதில் சொன்னது என்று ஒரு மூலையில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்லெஸ் டெக்னீஷியன்,
முடிச்சூர்.

பி.கு.: வர்தாவுக்குப் பின் நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாக்கி, ரிப்பீட்டர் ஆன்டெனாவை 'டிவி ஆன்டெனா' என்று திருத்தியிருந்தீர்கள். இந்த முறை வெட்டுவதென்றால் தாராளமாக வெட்டுங்கள், திருத்த மட்டும் வேண்டாம்.