உன் அம்மாவின் பெயர்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாங்காய் சீசன் தொடங்கிவிட்டது. கூழ் ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர் சத்தத்தில் ராத்திரி சரியாகத் தூக்கம் வருவதில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். படித்துவிட்டுப் பத்திரமாக எடுத்து வை.

பட்டாளத்தில் என்னோடு ஒரே யூனிட்டில் இருந்த காரிமங்கலத்து மாமா தவறி ஒரு வருஷம் ஆகிறது. அத்தைக்குக் குடும்ப பென்ஷன் இன்னும் வரவில்லை. மாமாவின் ரெக்கார்டில் மனைவி பெயர் ஒன்று, அத்தையின் ஆதாரில் வேறொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு மஞ்சப்பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். போன மாதம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "முப்பத்தஞ்சு வருஷம் அவரோட குடும்பம் நடத்தினது நான்தானே அண்ணா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டாளத்திலிருந்து வெளியே வந்தபோது கொடுத்த என் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்தேன்.

அதில் மனைவி பெயர் 'பத்மா'.

இது எப்படி வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். 1988 தை மாதம் கல்யாணம். லீவு முடிந்து ஜெய்சல்மேர் பக்கம் இருந்த யூனிட்டுக்குத் திரும்பியதும் கல்யாணத்தைப் பதியச் சொன்னார்கள். கூடாரத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தவர் வடக்கத்திக்காரர், நல்ல மனிதர். பெயர் கேட்டார். "மாதம்மா" என்றேன். நம் பக்கம் தெருவுக்கு ஒரு மாதம்மாள், ஒரு மாதேஷ், ஒரு மாது இருப்பார்கள். அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அவர் காதில் பத்மா என்று விழுந்திருக்கிறது. கல்யாணம் மாதிரி விவரங்களைப் பதிகிற பார்ட்-டூ ஆர்டரில் அப்படியே போய்விட்டது. நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்துக் கண்ணில் பட்டபோதும், ஊரில் எல்லோருக்கும் தெரியும், இதில் என்ன என்று விட்டுவிட்டேன். 1999-ல் பென்ஷன் வந்தபோது பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.விலும் அதே பெயர். தப்பு என்னுடையதுதான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் விவரம் கேட்டு வந்தேன். நம் சர்வீஸ் விவரமெல்லாம் எழுதியிருக்கிற ஷீட் ரோல் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, இப்படி. அங்கே பெயரைத் திருத்தி, அவர்கள் பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதி, அங்கிருந்து திருத்திய பி.பி.ஓ. வர வேண்டும். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் வெப்சைட்டில் நாமே மாற்றிவிடலாம் என்று பிரவுசிங் சென்டர் பையன் சொன்னான். போன் நம்பரை மாற்றுகிற மாதிரி மனைவி பெயரை மாற்ற முடியாது, ரெக்கார்ட்ஸ் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தோடு பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். அம்மாவை நோட்டரியிடம் கூட்டிப் போனேன். 'பத்மா என்பதும் மாதம்மாள் என்பதும் ஒருவரையே குறிக்கும்' என்று அவர் வாசித்துக் காட்டினார். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். 'மா' எழுதவே வெகு நேரம் ஆனது. பேனாவை அழுத்திய அழுத்தில் தாளின் பின்பக்கம் தடித்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது, "இத்தன வருஷமா அங்க என்னை வேற பேருலயா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

இப்போது உன்னால் ஆக வேண்டியது. உன் பிறப்புச் சான்றிதழ் உன்னிடம்தான் இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்கு என்று எடுத்துப் போனாய். 1990-ல் வாங்கியது. அப்பா பெயரும் அம்மா பெயரும் சரியாக, சேர்ந்து இருக்கிற பழைய காகிதம் நம் வீட்டில் அது ஒன்றுதான். மாதம்மாள் என் மனைவி என்று சொல்ல நீதான் சாட்சி. அதை நகல் எடுத்து, நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பு. பத்தாம் வகுப்பு டி.சி. நகலும் இருந்தால் நல்லது.

டிஸ்சார்ஜ் புக்கில் தர்மபுரி மாவட்டம் என்று இருப்பதைப் பார்த்து நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதறாதே. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9-ல். நான் சேர்ந்தபோதும் வெளியே வந்தபோதும் நாம் தர்மபுரிதான்.

அப்புறம், ஸ்பர்ஷ் கணக்கில் இருக்கிற சிம்மை எப்போதும் ரீசார்ஜ் செய்து வைத்திரு. எனக்கு ஏதாவது ஆனால் அம்மா பெயருக்கு மாற்றும்வரை அந்த நம்பர் வேண்டும். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே, முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவனிடம் ஒரிஜினலைக் கொடுக்காதே. அத்தையிடம் அப்படி ஒருவன் வந்திருக்கிறான். அத்தையின் காகிதங்களையும் என்னுடையதோடு சேர்த்து நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடப் போகவும் போகிறேன்.

ரெக்கார்ட்ஸில் மறுபடி கையெழுத்துக் கேட்டாலும் கேட்பார்களாம். அதற்காக அம்மா சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு காலண்டர் தாளின் பின்பக்கம் தன் பெயரை எழுதிப் பழகுகிறாள். சான்றிதழ் நகலை ஸ்பீட் போஸ்டில் போடு. வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் சேர்த்து ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா