பெயர் போடாமல் ஒரு கதை அனுப்பு

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மண்டபத்தில் வாடை பிடித்துவிட்டது. வடக்குக் கடலில் அலை ஏறிக் கிடக்கிறது, எனக்கும் வேலை குறைவு. அதனால் படிப்பு மட்டும் நன்றாக நடக்கிறது. விஞ்ஞானக் கதை உலகத்தில் என்ன சேதி என்று கேட்டிருந்தாய். நல்லதும் உண்டு, கூத்தும் உண்டு. கூத்தை முதலில் சொல்கிறேன்.

ஹியூகோ விருது உனக்குத் தெரியும், விஞ்ஞானக் கதைகளுக்கு ரசிகர்களே ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் பழைய புத்தகக் கடையில் பேரம்கூடப் பேசாமல் வாங்குவோமே, அதேதான். 2023இல் அதற்கான உலக மாநாடு சீனாவின் செங்துவில் நடந்தது. மறு ஜனவரியில், எந்தப் படைப்பை எத்தனை பேர் முன்மொழிந்தார்கள் என்ற கணக்கை வெளியிட்டார்கள். பார்த்தால், இறுதிப் பட்டியலில் வந்திருக்க வேண்டிய அமெரிக்க எழுத்தாளர் ஆர்.எஃப். குவாங்கின் நாவலை ‘தகுதியில்லை’ என்று சொல்லிக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். காரணம் ஒரு வரி கிடையாது. அந்த நாவல்தான் அதே 2023இல், எழுத்தாளர் சங்கம் கொடுக்கிற நெபுலா விருது வாங்கியது! பிப்ரவரியில் மின்னஞ்சல்கள் கசிந்தன. சீனா, தைவான், திபெத் பற்றி யார் என்ன எழுதினார், எங்கே போனார் என்று முன்மொழியப்பட்ட ஆட்களின் பின்னணியை விருது நிர்வாகிகள் தோண்டியிருக்கிறார்கள். பால் வைமர் என்கிற விமர்சகர் திபெத் போய்வந்தவர் என்று குறித்து வைத்திருந்தார்கள். மனிதர் போனது நேபாளத்துக்கு.

தோண்டியவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த, நம்மைப் போலக் கதைப் பைத்தியம் பிடித்த ஆட்கள். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. போலீஸ் வெரிஃபிகேஷன் வேலையை ரசிகனே இழுத்துப் போட்டுச் செய்தால், போலீசுக்கு என்ன வேலை?

மறு ஆண்டு, 2024இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மாநாட்டில் வேறு மாதிரி. பதிவான 3,813 ஓட்டில் 377 ஓட்டைச் செல்லாது என்று தள்ளினார்கள். யாரோ காசு கொடுத்து மொத்தமாக உறுப்பினர் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பற்றிப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஒரே பெயர், முதல் எழுத்து மட்டும் அகரவரிசையில் மாறிக்கொண்டே போகிறதாம். இன்னொரு கூட்டத்துக்கு அடுத்தடுத்த எண்களையே பெயராக வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பஞ்சாயத்துத் தேர்தலில் கள்ள ஓட்டுப் போடுகிறவன்கூட இதைவிட மெனக்கெடுவான். ஆனால் ஒன்று, கிளாஸ்கோக்காரர்கள் விருது அறிவிப்பதற்கு முன்பே கணக்கைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டலாம். 2025இல் அமெரிக்காவின் சியாட்டில் மாநாட்டில், பேச வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சாட்ஜிபிடியிடம் பெயரைக் கொடுத்து விசாரித்திருக்கிறார்கள். எழுத்தாளர்கள் கொதித்துப்போனார்கள். ஹியூகோ நிர்வாகிகள் சிலர் விலகினார்கள்.

மூன்று வருஷமாக எல்லாத் தகராறும் பெயரைச் சுற்றியே நடக்கிறது, கவனித்தாயா? கதையை யாரும் பேசக் காணோம்.

அப்புறம், வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் 2025 மே 20ஆம் தேதி புனேயில் காலமானார். 86 வயது. விஞ்ஞானியாக அவரை எல்லோருக்கும் தெரியும். மராத்தியில் அவர் கதை எழுத வந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் சிறுகதைப் போட்டி வைத்தது. பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயிலோடு வேலை செய்த ஆள், பெயரைப் பார்த்ததுமே பரிசைக் கொடுத்துவிடுவார்கள் என்று ஜ.வி.நா. என்ற தன் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டார். நாராயண் விநாயக் ஜக்தாப் என்று புனைபெயர் வைத்துக் கறுந்துளைக் கதை ஒன்றை அனுப்பினார். முதல் பரிசு! செங்து நிர்வாகிகள் கையில் ஜக்தாப் சிக்கியிருந்தால் அவருக்குப் பூர்வீகம் எது என்று தேடித் தேடியே ஓய்ந்திருப்பார்கள்.

இனி நல்ல செய்தி. கொழும்புக்காரர் வஜ்ர சந்திரசேகர எழுதிய முதல் நாவலுக்கு 2024இல் நெபுலா கிடைத்தது. 2025 அக்டோபரில் இரண்டாவது நாவலுக்கு, அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் பெயரில் தருகிற பரிசு, 25,000 டாலர். முதல் நாவலைப் படித்துவிட்டேன். பிறந்த உடனே தாய் தன் பிள்ளையின் நிழலைப் பிய்த்துப் போடுகிறாள். அப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். அந்த அப்பனோ ஊர் கும்பிடுகிற மகான். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, பொறுத்துக்கொள். இனம், சாதி, அனுமதிச் சீட்டு என்று ஆளை வகை பிரிக்கிற அரசாங்கத்தைப் பற்றி வரும் பகுதிகள் அசாத்தியம். அகதிப் படகுகள் வந்து இறங்கியதைப் பார்த்த நமக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அந்தக் கரையில் இப்படி எழுதுகிறார்கள். இந்தக் கரையில் நாம் கதை எழுதினால் உடனே செவ்வாய்க்கு ராக்கெட் விடுகிறோம்.

இங்கே என்ன குறைச்சல்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். மூழ்கிப்போன தீவில் தன் பங்குக்குப் பட்டா கேட்டு, பாசி எடுக்கிற கிழவி ஒருத்தி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கிறாள் என்று வை. நூறு வருஷம் கழித்தும் நடக்கிறாள். எனக்கு இதற்கு மேல் ஓடவில்லை. நீ எழுது. ஆபீஸ் நடைமுறை எல்லாம் உனக்குத்தான் அத்துப்படி.

எழுதினால் என் விலாசத்துக்கு அனுப்பு, பெயர் போடாதே. இங்கே மூன்று நான்கு பேர் படிக்கத் தயாராக இருக்கிறார்கள். யார் எழுதியது என்று நானும் வாய் திறக்க மாட்டேன்.

பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னாயே, மண்டபத்தில் இறங்கிவிடாதே. நானும் அதே ரயிலில் ஏறிக்கொள்கிறேன், புதுப் பாம்பன் பாலத்தின் மேல் ராமேஸ்வரம் வரை போய்வரலாம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புகிறது. அதை நீ இன்னும் பார்க்கவில்லை அல்லவா? பழைய புத்தகங்களில் எனக்குச் சேர வேண்டியதையும் மறக்காமல் எடுத்து வா.

உன் அன்புப் பங்காளி,
மண்டபம்