ஷிங்கிள் கூரைக்கு பிரஷர் வாஷர் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தார் வில்லைகளாலான ஷிங்கிள் கூரையில் கறை படிந்தால், தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷரால் அடித்துவிடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். அன்றைக்குக் கூரை பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் ஷிங்கிளின் மேல் ஒட்டியிருக்கும் கல்துகள்கள்தான் அடியிலுள்ள தாரை வெயிலிலிருந்து காப்பவை. பீய்ச்சியடிக்கும் தண்ணீர் அவற்றையும் பெயர்த்துவிடும். கழுவி முடித்ததும் மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள், மணல் மணலாகக் குவிந்து கிடக்கும். உற்பத்தியாளரின் உத்தரவாதமும் பல நேரம் இதனால் செல்லாமல் போகிறது.

மேலிருந்து கீழாக வழிந்தாற்போல் தெரியும் கறுப்புக் கோடுகள் புகையோ தூசியோ அல்ல. குளோயோகாப்சா மாக்மா என்ற நீலப்பச்சைப் பாசி அது. வெயிலைத் தாங்கத் தன்மேல் போர்த்திக்கொள்ளும் கரிய உறைதான் கறையாகத் தெரிகிறது. உயிருள்ள ஒன்றைத் தேய்த்து எடுப்பதைவிடக் கொன்றுவிடுவது சுலபம்.

அதற்குத் துணிக்குப் போடும் சாதாரண திரவ பிளீச்சும் தண்ணீரும் சரிபாதி போதும். நீச்சல்குளத்துக்கான 12 சதவீதக் குளோரின் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். கைப்பம்பு ஸ்பிரேயரில் நிரப்பி, மேகமூட்டமான, காற்றில்லாத நாளில் தெளித்து 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். சுடும் வெயிலில் தெளித்தால் வேலை செய்யுமுன்பே காய்ந்துவிடும். பிறகு தோட்டக் குழாயால் முகட்டிலிருந்து கீழ்நோக்கி அலசுங்கள். கீழிருந்து மேலே அடித்தால் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் ஏறிவிடும்.

தெளிக்கும் முன்பும், இடையிலும், முடித்த பின்பும் சுவரோரச் செடிகளைத் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாயில் பிளீச் தேங்கினால் அரிக்கும், அதையும் அலசுங்கள். அமோனியாவோ கழிவறை ஆசிடோ இதோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

மெத்தென்ற பச்சைப் பாசிக்குத்தான் பொறுமை வேண்டும். அது ஷிங்கிளின் கீழ் விளிம்பில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விளிம்பையே தூக்கிவிடும். பிறகு காற்றும் தண்ணீரும் உள்ளே புகும். இதற்கும் அதே கரைசல்தான். ஆனால் பச்சையாக இருக்கும்போது சுரண்டினால் துகளோடு பெயர்ந்து வரும். பட்டுப்போய்ப் பழுப்பானபின் அடுத்தடுத்த மழையில் தானே உதிரும். அவசரமென்றால் மென்மையான பிரஷால் கீழ்நோக்கி மட்டும் தள்ளலாம்.

மீண்டும் வராமலிருக்க, முகட்டுக்குச் சற்றுக் கீழே துத்தநாகப் பட்டையோ செம்புப் பட்டையோ பொருத்துவார்கள். மழையில் கரைந்து வரும் உலோகம் பாசியைத் தடுக்கும், ஆனால் பட்டைக்குக் கீழே சில அடிகள் வரைதான். அலுமினியக் கால்வாய் உள்ள வீட்டில் செம்பு வேண்டாம், அது கால்வாயை அரித்துவிடும். நிழல்தரும் கிளைகளை வெட்டுவது எல்லாவற்றையும்விட மலிவான வழி.

பிளீச் நனைந்த கூரை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். முடிந்தவரை ஏணியிலிருந்தே தெளியுங்கள். நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஏணியின் மேல்முனை கூரை விளிம்புக்கு மேல் மூன்று அடி நீள வேண்டும். சரிவு செங்குத்தாக இருந்தால் பாதுகாப்புக் கயிறுள்ள கூரைத் தொழிலாளரிடம் விடுங்கள். என்ன கரைசல், எந்த அழுத்தத்தில் அலசுவார், வழியும் நீர் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டபின் முன்பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கூரைப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்