டார்கெட்டுக்குச் சட்டப்பிரிவு கிடையாது

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. வணிகவரித் துறையில் உதவி ஆணையர் என்று உனக்கு ஆர்டர் வந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொந்தபந்தத்தில் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொல்லியாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. பயிற்சியில் வகுப்பெடுக்க வந்த ஒருவர், வரி வசூல் இலக்கைப் பற்றி, "மார்ச்சுக்குள்ள டார்கெட்டை முடிக்கிறவன்தான் ஆபீசர், மத்ததெல்லாம் சும்மா பேச்சு" என்றாராம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் காலமெல்லாம் விருதுநகரில் மல்லி, வத்தல், பருப்பு மண்டிகளில் கணக்கு எழுதியே போனது உனக்குத் தெரியும். நீ உட்காரப்போகும் மேசைக்கு எதிர்ப்பக்கம், கக்கத்தில் பேரேட்டை இடுக்கிக்கொண்டு நின்றவன் நான். 1959-ஆம் வருஷத்து விற்பனை வரிச் சட்டம் இருக்கும்போது வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு 2007-இல் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. சட்டம் மாறியதே தவிர, மேசையின் இந்தப் பக்கத்துப் பயம் மாறவில்லை.

அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவைப் பரீட்சைக்கு நீ மனப்பாடம் செய்திருப்பாய். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பதுதான் அது. பெரும்பாலானவர்கள் முன்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். சட்டசபையில் சட்டம் போட்டாயிற்று, இனிக் கட்டவேண்டியதுதானே என்கிறார்கள். வசூலிக்கிற வழிக்கும் சட்டத்தின் அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது பின்பாதி. வரி நியாயமானதாகவே இருக்கட்டும். சட்டத்தில் இல்லாத வழியில் வாங்கினால் அதை வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு உரிமை கிடையாது. உன் நாற்காலிக்கு வேலை இருப்பது இந்தப் பின்பாதியில்தான்.

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். எங்கள் மண்டிக்குப் பக்கத்துக் கடைக்கு மத்தியானம் ஐந்தாறு பேர் வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மூட்டைகளை எண்ணினார்கள். பில் புக், சிட்டை, லேப்டாப் எல்லாம் மேசைக்கு வந்தன. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வுக்கும் சோதனைக்கும் ஜி.எஸ்.டி. சட்டத்தில் 67-ஆவது பிரிவு இருக்கிறது. இருட்டின பிறகு பேச்சு மாறியது. "இவ்வளவு வித்தியாசம் வருது. இப்பவே கட்டிட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் வேலை முடிஞ்சிரும்" என்றார்கள். அந்த "இவ்வளவு" எப்படி வந்தது என்று ஒரு துண்டுத் தாளில்கூட இல்லை. கடைக்காரர் சர்க்கரை வியாதிக்காரர், மத்தியானச் சாப்பாட்டு டப்பா பிரிக்காமலே இருந்தது. கடைசியில் ராத்திரி பதினொன்றரைக்கு ஆடிட்டர் ஆபீஸ் பையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்து, போர்ட்டல் என்கிற ஜி.எஸ்.டி. இணையதளத்தில் டி.ஆர்.சி-03 என்கிற பணம் கட்டும் படிவத்தைப் போட வைத்தார்கள். அந்தப் படிவத்தில் "தானாக முன்வந்து செலுத்துவது" என்று ஒரு காரணம் இருக்கும். அந்தப் பையன் அதைத்தான் சொடுக்கினான்.

நாடு முழுக்க இதே கதைதான் நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் குஜராத் உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. சோதனை நடக்கும்போது காசோலையாகவோ ரொக்கமாகவோ போர்ட்டல் வழியாகவோ எதையும் வசூலிக்கக் கூடாது. வியாபாரியே தானாகக் கட்டுகிறேன் என்று முன்வந்தாலும், சோதனை முடிந்து அதிகாரிகள் வெளியேறிய மறுநாள்தான் டி.ஆர்.சி-03 போடச் சொல்ல வேண்டும் என்றது. அந்த ஒரு ராத்திரி இடைவெளி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது ஷட்டருக்கு உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். 2022 மே மாதம் மத்திய மறைமுக வரி வாரியமும், சோதனை நேரத்தில் வசூல் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகவே சொன்னது: கைது செய்வோம் என்று மிரட்டி வரி கட்ட வைத்திருந்தால், அந்த வியாபாரி கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்படி வாங்கிய பணத்தை மார்ச் கணக்கில் காட்டித்தான் யாரோ ஒருவர் "நல்ல ஆபீசர்" என்று பெயர் வாங்கியிருப்பார்.

டார்கெட் என்பது துறை தன் வசதிக்கு வைத்துக்கொண்ட மதிப்பீடு. பட்ஜெட் போட அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடைக்காரர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அது தீர்மானிக்க முடியாது. எதன்மேல் வரி, யார் கட்டுவது, என்ன விகிதம், எந்த மதிப்பின்மேல் கணக்கு என்கிற நான்கும் சட்டத்தில் தெளிவாக இருந்தால்தான் அது வரியே என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீ போடுகிற ஒவ்வொரு உத்தரவிலும் இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடு.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதெல்லாம் போர்ட்டலில் ஏற்றினால் போதும், சார்வு செய்த, அதாவது முறைப்படி கையில் சேர்த்த கணக்கு ஆகிவிடும். நம் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்களில் பாதிப் பேர் போர்ட்டலைத் திறப்பதே கிடையாது. பாஸ்வேர்டு ஆடிட்டரிடம், ஓ.டி.பி. மகனுடைய போனுக்கு. நோட்டீஸோ "கூடுதல் நோட்டீஸ்கள்" என்கிற தனி மூலையில் போய் உட்கார்ந்திருக்கும். வங்கி மேனேஜர் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்க கணக்கை முடக்கச் சொல்லி வந்திருக்கு" என்கிறபோதுதான் விஷயமே தெரியவரும். சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் இப்படிப்பட்ட வழக்குகள் குவிந்து, எத்தனையோ உத்தரவுகள் ரத்தாகி மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பி வந்திருக்கின்றன. எதிராக முடிவெடுக்கப் போகிறாய் என்றால் நேரில் விசாரிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 75-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவே சொல்கிறது. ஒரு விரைவுத் தபால் அனுப்ப எவ்வளவு ஆகிவிடும்? பதில் வராத வியாபாரிக்கு ஒரு தபால் போட்டுப் பார். சட்டம் அதையும் அனுமதிக்கிறது.

அதிகாரிக்கு மட்டும்தான் வரம்பு என்று நினைக்காதே, சட்டசபைக்கும் உண்டு. எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று பாலக்காட்டிலிருந்து போனது. ஒரு காலத்தில் நம் மதராஸ் மாகாணத்து மலபார் அது. கேரளத்தில் நிலவரி ஏக்கருக்கு 2 ரூபாய் என்று ஒரே தட்டாக வைத்தார்கள். நஞ்சையானாலும் சரி, கல்லுக்காடானாலும் சரி, அதே 2 ரூபாய். ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு வைத்திருந்த தாத்துண்ணி மூப்பில் நாயருக்கு அந்தக் காட்டிலிருந்து வருஷத்துக்கு வந்த வருமானம் 3,100 ரூபாய். அவருக்கு வந்த வரியோ ஏறக்குறைய 54,000 ரூபாய்! 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பது பார்க்கச் சமத்துவம் மாதிரி இருக்கும். விளைச்சலையே பார்க்காமல் போட்டதால் அதுவே சமமின்மை ஆயிற்று, அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவுக்கு விரோதம் என்றார்கள். நோட்டீஸ், விசாரணை, அப்பீல் என்று ஒழுங்கான நடைமுறை அந்தச் சட்டத்தில் இல்லாததும் எடுபட்டது. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். அவர் எழுதியதையும் சேர்த்துப் படி, எதிர்வாதம் தெரியும்.

இன்னொன்று நம் ஊர்ச் சண்டை. கட்டட கான்ட்ராக்டில் போகிற செங்கல், சிமென்ட்டுக்கும் விற்பனை வரி உண்டு என்று மதராஸ் அரசு பிடித்தது. கேனன் டங்கர்லி கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. வீடு கட்டிக்கொடுப்பது ஒரே ஒப்பந்தம், அதைப் பிய்த்து உள்ளே ஒரு சரக்கு விற்பனை இருக்கிறது என்று மாநிலம் சொல்ல முடியாது என்று 1958-இல் தீர்ப்பானது. மாநிலப் பட்டியலில் "சரக்கு விற்பனை" என்று இருந்தால் அதன் எல்லை அவ்வளவுதான். அதைத் தாண்ட அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. 1982-இல் 46-ஆவது திருத்தம் வந்தது. இருபத்து நாலு வருஷம் ஆயிற்று பார். எல்லையை நகர்த்தலாம், ஆனால் அதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது, அது வழியாகத்தான் போக வேண்டும்.

கட்டணம் என்ற பெயரில் வரி வாங்குகிற தந்திரமும் உண்டு. 1954-இல் ஷிரூர் மட வழக்கில் அதுதான் கேள்வி. மதராஸ் அறநிலையச் சட்டப்படி மடங்களின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு பங்கு வாங்கினார்கள், உச்சபட்சம் 5 சதவீதம். வாங்கிய பணம் பொதுக் கஜானாவுக்குப் போயிற்று. செய்யும் சேவைக்கும் வாங்கும் தொகைக்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை. அப்படியானால் இது வரி, இந்த வரியைப் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று முடிந்தது. பின்னால் வந்த தீர்ப்புகள் இந்தக் கோட்டை நிறையவே தளர்த்திவிட்டன. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனால் என் சம்மதத்தை யார் கேட்டார்கள்!

கோர்ட் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்றும் எண்ணிவிடாதே. விகிதம் அதிகம் என்பதற்காக மட்டும் நீதிபதிகள் சாதாரணமாகக் கை வைக்க மாட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம், சர்சார்ஜ் என்கிற கூடுதல் வரியோடு, 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய்தான் மிச்சம்! அதைக் குறைத்தது தீர்ப்பு அல்ல, அரசாங்கமே பார்த்துப் பின்வாங்கியது. அவ்வளவு வாங்கினால் வருமானத்தை மறைப்பார்களே தவிர யார் கட்டுவார்கள்? முன்தேதியிட்டு வரி போடுவதையும் அரசியலமைப்பு நேராகத் தடுக்கவில்லை. வோடஃபோன் தன்னிடம் கேட்ட வருமான வரியை எதிர்த்து 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அதே வருஷம் 1962 வரைக்கும் பின்னோக்கிப் போகிற மாதிரி சட்டத்தைத் திருத்தினார்கள். 2021-இல் அந்தக் கோரிக்கைகளை எல்லாம் கைவிட இன்னொரு சட்டம் போட்டார்கள். அதிகாரம் இருக்கிறது என்பதற்காகச் செய்து, ஒன்பது வருஷம் உலகமெல்லாம் பேர் கெட்டு, பிறகு விட்டது.

வியாபாரிகளெல்லாம் உத்தமர்கள் என்று நான் எழுதவில்லை. சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு, கொள்முதலில் கட்டிய வரிக்குக் கிடைக்கிற கழிவான உள்ளீட்டு வரி எடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பிடி, விடாதே. வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கிய காசைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அதற்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76-ஆவது பிரிவு இருக்கிறது. அந்த வரி சட்டப்படி சேருமா சேராதா என்ற பேச்சே கிடையாது, வாங்கியதைக் கட்டு. ரீஃபண்டிலும் இதே நியாயம்தான். 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? தவறாக வசூலான வரியைத் திரும்பக் கேட்கிற வியாபாரி, அந்தச் சுமையை வாங்குபவன் தலையில் ஏற்றவில்லை என்று காட்ட வேண்டும். அரசாங்கமும் சட்டமில்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது, கடைக்காரனும் ஊரார் காசை லாபமாக்கக் கூடாது. மண்டிக்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

சார்ஜ் எடுத்த முதல் மார்ச்சில் மேலே இருந்து போன் வரும். எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. "சார், எந்தப் பிரிவில் டிமாண்ட் போடட்டும்?" என்று மரியாதையாகக் கேள். எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. பிரிவு இருக்கிற பாக்கி உன் வட்டத்தில் எப்படியும் கிடக்கும்: ரிட்டர்ன் போடாதவர்கள், தாமத வட்டி கட்டாதவர்கள், அப்பீலே போகாமல் தங்கிவிட்ட பழைய உத்தரவுகள். அதைத் துரத்து. அது சலிப்பான வேலை, அதனால்தான் ஆட்கள் ஷட்டரை இறக்கப் போகிறார்கள்.

இன்னொன்று, முதல் சம்பளச் சீட்டு வந்தால் தொழில்வரிப் பிடித்தத்தைப் பார். வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. விகிதத்தை எல்லாம் சட்டசபைக்கு விட்ட அரசியலமைப்பு, 276-ஆவது பிரிவில் இந்த ஒரு வரிக்கு மட்டும் ரூபாய்க் கணக்கிலேயே உச்சவரம்பை எழுதி வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் 250, 1988-இல் 2,500 ஆக்கினார்கள். இதை 18,000 ஆக்கலாம் என்று பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்தும் யாரும் இன்னும் தொடவில்லை. உள்ளாட்சிகளுக்கு அது நஷ்டம்தான், உன் சம்பளத்துக்கு லாபம்.

அன்புடன்,
அப்பா