உகுலேலே பட்டறையில் ஒரு காலைப்பொழுது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நடமாடத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பேரன் உகுலேலே என்கிற அந்தக் குட்டி கிதாரைக் கேட்டு அடம் பிடிப்பதாக எழுதியிருந்தாயே, சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாய். மகளைப் பார்க்க ஹொனலூலு வந்த நான், நேற்று இங்குள்ள கமகா பட்டறைக்குப் போய்வந்தேன்.

ஹவாயின் சொத்து என்று நாம் நினைக்கும் இந்தக் கருவி வந்தேறிகளின் கைவண்ணம். 1879இல் போர்த்துகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு மூன்று போர்த்துகீசியத் தச்சர்களும் கப்பலேறி வந்தார்கள். தங்கள் ஊர்ச் சிறு கிதாரை இங்கே கிடைத்த மரத்தில் செய்துபார்த்தார்கள். அப்படிப் பிறந்தது இது. அவர்களில் மானுவல் நூனெஸிடம் தொழில் கற்றவர் சாமுவேல் கமகா. 1916இல் அவர் தொடங்கிய பட்டறை இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது.

மரத்தின் பெயர் கோஆ. ஹவாயைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராது. நம் கருவேலத்துக்குத் தூரத்து உறவு. பலகையை ஆண்டுக்கணக்கில் உலரவிட்ட பிறகே வேலைக்கு எடுக்கிறார்கள். பக்கப் பலகையைச் சூட்டில் வளைத்து, உள்விளிம்பில் மெல்லிய பட்டையை ஒட்டுகிறார்கள். பசை காயும்வரை அதைக் கவ்விப் பிடித்திருப்பது எது தெரியுமா? கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்!

இங்கே நெடுங்காலமாகக் காது கேளாதவர்களையும் வேலைக்கு எடுத்துவருகிறார்கள். இசைக்கருவி செய்யும் இடத்திலா என்று எனக்கும் வியப்புதான். மேல்பலகையைத் தட்டினால் எழும் அதிர்வை விரல்நுனியில் வாங்கி, இன்னும் இழைக்க வேண்டுமா, போதுமா என்று சொல்லிவிடுவார்களாம். பலாப்பழத்தைத் தட்டி வாங்கும் நம் கெட்டிக்காரத்தனம் இதன் முன் நிற்காது. பலகை கனத்தால் நாதம் அமுங்கிவிடும். மெலிந்தால் தந்தியின் இழுப்புக்கே வளைந்துவிடும். இடைப்பட்ட அந்த மயிரிழையைத்தான் விரல் கண்டுபிடிக்கிறது. அளவுகருவிகள் இருந்தும் விரலை நம்புவது எனக்குப் பிடித்திருந்தது.

விலையைக் கேட்டதும் ஆசையை அடக்கிக்கொண்டேன். ஆயிரம் டாலருக்கு மேல். பேரனுக்கு இப்போது இதெல்லாம் வேண்டாம். நைலான் தந்தி போட்ட சாதாரணக் கருவி ஒன்று வாங்கிக்கொடு. சுருதி நிற்கிறதா என்று மட்டும் கடையிலேயே வாசிக்கச் சொல்லிப் பார். ஓராண்டு விடாமல் வாசித்தான் என்றால் எனக்கு எழுது, பெரியதைப் பற்றி அப்போது பேசலாம்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்