சாட்சிக் கையெழுத்திட்ட நண்பர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பர்களுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் திருமண வெள்ளிவிழா ஸ்தோத்திர ஆராதனையை நடத்திய போதகர் ஐயரவர்களுக்கும், பாடகர் குழுவினருக்கும், எங்கள் சபை வட்டாரமான சேகரத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆயினும், பாளையங்கோட்டையில் 1826இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஊசிக்கோபுர ஆலயத்தில், எங்கள் திருமணப் பதிவேட்டில் சாட்சிகளாகக் கையெழுத்திட்ட என் நண்பர்கள் இருவருக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குச் சாட்சிகளின் கையெழுத்து போதும்; அதை இட்டுவிட்டு விருந்துண்டு ஊர் திரும்பிவிடலாம். நீங்களோ இன்றுவரை அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பேற்று நிற்கிறீர்கள்.

என் மனைவி அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்த நாட்களில், உங்களில் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்து, "நீ மதினி பக்கத்துலயே இரு, மருந்துச் சீட்டை என்கிட்ட குடு" என்று வாங்கிக்கொண்டு போய், இரவு முழுவதும் வராந்தா பெஞ்சில் கண்விழித்திருந்தார். விடிந்ததும் மற்றவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சியும் கானத்துவையலும் (கொள்ளுத் துவையல்) வந்துவிடும். அதைச் சமைத்தனுப்பிய சகோதரிக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

கூட்டாளிகள் ஒட்டிக்கொண்டால் குடும்பம் கெடும் என்று நம் பக்கத்தில் பேசுவதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. காட்டில் ஒளிந்திருந்த தாவீதைத் தேடிப்போய், தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்திய அவன் நண்பன் யோனத்தானை 1 சாமுவேல் 23ஆம் அதிகாரம் காட்டுகிறது. கிறிஸ்து சபையில் அன்புகூர்ந்ததுபோல மனைவியில் அன்புகூரும்படி எபேசியர் நிருபம் கணவனுக்குக் கட்டளையிடுகிறது. அப்படி வாழ முயல்கிறவனுக்குக் கையைத் திடப்படுத்தும் நண்பன் கட்டாயம் வேண்டும் என்பது என் அனுபவம். பேச்சு எவ்வளவு சுவையாக இருந்தாலும், இருட்டியதும் அதைப் பாதியில் நிறுத்தி, "வீட்டுக்குக் கிளம்பு" என்று என்னை எழுப்பிவிட்டவர்கள் நீங்கள்.

நாசரேத் நண்பர் திருமணம் செய்யாமல் ஊழியத்தில் இருப்பவர். பவுல் அந்த நிலையையும் தேவன் தரும் வரமாகவே கொரிந்தியருக்கு எழுதினார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் சித்தப்பா. எங்களுக்காக ஜெபிக்கும்போதெல்லாம் என் மனைவியின் பெயரையே அவர் முதலில் சொல்வார். அவள் கவனித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனத்துக்கு, அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு, எல்லாரும் முந்தின நாளே வந்து, எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று என் மனைவி எழுதச் சொன்னாள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் நண்பன்